சாவியை எடுத்த பிறகும் மின்சாரம் குடிக்கும் கருவிகள்

கோடை விடுமுறை முடிந்து சென்னையில் பள்ளிகள் திறக்கும் வாரத்தில் வேன் வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் இது: ஒரு மாதம் நிறுத்தி வைத்த வண்டி கிளம்பவில்லை. பேட்டரி பழசாகிவிட்டது என்பார் மெக்கானிக். பல நேரம் அது உண்மையும்கூட. ஆனால் வண்டியில் ஜிபிஎஸ் கருவி இருந்தால் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாவியை எடுத்த பிறகும் கருவி 100 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 2.4 ஆம்பியர் அவர் (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய அளவு). 80 ஆம்பியர் அவர் பேட்டரி 33 நாளில் வற்றிவிடும்; பாதி வற்றும்போதே ஸ்டார்ட்டர் முரண்டு பிடிக்கத் தொடங்கும். அதே கருவி 5 மில்லி ஆம்பியரில் தூங்கியிருந்தால், மே மாதம் முழுக்க வண்டி நின்றாலும் 4 ஆம்பியர் அவர்கூடச் செலவாகியிருக்காது.

இந்த 100க்கும் 5க்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் வன்பொருள் கோளாறு அல்ல. கருவிக்குள் லினக்ஸ் இயங்குதளம் ஓடுகிறது. அதில் ஏதோ ஒரு சின்னச் சென்சாரின் டிரைவரில், அதாவது அதை இயக்கும் நிரலில், தூங்க வைக்கும் சஸ்பெண்ட், எழுப்பும் ரெஸ்யூம் என்ற இரண்டு ஃபங்ஷன்கள் எழுதப்படவே இல்லை. அல்லது ஒப்புக்கு எழுதப்பட்டிருக்கின்றன. அம்பத்தூர், கிண்டி, தரமணி என்று நகரின் பல மூலைகளில் இத்தகைய கருவிகளைத் தயாரிக்கும் சிறு நிறுவனங்களுக்கு டிரைவர் எழுதித் தருவதும், மற்றவர்கள் எழுதியதைச் சரிபார்ப்பதும் என் தொழில். திட்ட அட்டவணையில் 'பவர் மேனேஜ்மென்ட்' என்ற வரி எப்போதும் கடைசியில்தான் இருக்கும். வாடிக்கையாளருக்குக் காட்டும் நாள் நெருங்கியதும் முதலில் அடிபடுவதும் அதே வரிதான்.

லினக்ஸில் உறக்கம் ஒரு கூட்டு முடிவு. முதலில் பயனர் புரோகிராம்கள் உறைய வைக்கப்படுகின்றன. அடுத்து லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் சாதனம் சாதனமாக டிரைவர்களை அழைக்கிறது. பிள்ளைச் சாதனம் முதலில் தூங்க வேண்டும். அது தொங்கிக்கொண்டிருக்கும் பஸ்ஸின் (சிப்புகளை இணைக்கும் தகவல் தடத்தின்) கன்ட்ரோலர் அதன் பிறகுதான். எழும்போது வரிசை தலைகீழ். இடையில் ஒரே ஒரு டிரைவர் பிழை எண்ணைத் திருப்பினாலும் போதும், அதுவரை தூங்கிய அத்தனையும் எழுப்பப்படும். மென்பொருள் சற்று நேரம் கழித்து மீண்டும் முயலும், மீண்டும் தோற்கும். இந்த வீண் முயற்சிகளுக்கு ஆகும் மின்சாரம், சும்மா விழித்திருப்பதற்கு ஆவதைவிட அதிகமாகக்கூட ஆகலாம்.

இருந்தாலும் பிழை சொல்லித் தடுக்கும் டிரைவரை நான் வெறுப்பதில்லை. அது தன் பெயரை கெர்னல் பதிவில் விட்டுச் செல்கிறது, பிடித்துவிடலாம். ஒன்றுமே எழுதப்படாத டிரைவர்தான் ஆபத்து. அதற்குச் செய்ய ஏதும் இல்லை என்று எடுத்துக்கொண்டு கெர்னல் நகர்ந்துவிடும். மின்சுற்றுப் பலகை சென்சாருக்குப் போகும் 3.3 வோல்ட் இணைப்பைத் துண்டிக்கும். எழும்போது, அசைவை உணரும் சென்சாரான முடுக்கமானி தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பியிருக்கும்; பல முடுக்கமானிகளில் அந்த நிலையில் அளவீடே ஓடாது. ஆனால் ஐ2சி பஸ்ஸில் கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்லும். பிழையும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. வண்டி தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்குப் போய்க்கொண்டிருக்கும். அது நின்றுகொண்டிருப்பதாகவே கருவி நம்பும்.

ஆகவே ரெஸ்யூம் எழுதும்போது நான் கேட்பது ஒரு கேள்விதான்: இந்தச் சிப்புக்கு எது நினைவிருக்கிறது என்று எனக்கு உறுதியாகத் தெரியுமா? தெரியாது என்றே வைத்துக்கொண்டு எழுதுங்கள். மின்சாரத்தைக் கொடுத்து, தரவுத்தாளில் சொன்ன மில்லி நொடிகள் காத்திருந்து, அடையாள ரெஜிஸ்டரை (சிப்பின் அடையாள எண் இருக்கும் சிறு நினைவிடத்தை) படியுங்கள். மயக்கம் தெளிந்த நோயாளியிடம் முதலில் பெயர் கேட்பார்களே, அந்த மாதிரி. அதன் பிறகு எல்லா அமைப்புகளையும் புதிதாக எழுத வேண்டும். இதற்குத் தனியாக நிரல் வேண்டாம். சிப்பை அமைக்கும் பகுதியை, சாதனம் முதலில் கண்டறியப்படும்போது ஓடும் புரோப் ஃபங்ஷனிலிருந்து பிரித்து வைத்தால் ரெஸ்யூமும் அதையே அழைக்கலாம். ரெஜிஸ்டர்களைக் கையாளும் கெர்னல் வசதியான ரெக்மேப்பைப் பயன்படுத்துபவர்களுக்கு வேலை இன்னும் சுலபம்: தூங்கும்போது கேஷை (மதிப்புகளின் நகலை) மட்டும் பயன்படுத்தச் சொல்லி, சிப்பில் இருப்பது அதனுடன் ஒத்துப்போகவில்லை என்று குறித்துவிட்டால், எழுந்ததும் ஒரே அழைப்பில் மதிப்புகள் சிப்புக்குப் போய்விடும். ஆனால் இன்டரப்ட் (கவனி என்று சிப்பு அனுப்பும் குறிப்பு) நிலை போன்று தானாக மாறும் ரெஜிஸ்டர்களை அப்படியே மாறக்கூடியவை என்று அறிவித்திருக்க வேண்டும். அதை மறந்தால் பழைய நிலையையே புதியதாகப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

சஸ்பெண்டில் வரிசைதான் எல்லாம். புதிய வேலை வருவதை முதலில் நிறுத்துங்கள். வரிசையில் காத்திருக்கும் பின்னணி வேலையை ரத்து செய்து, ஓடிக்கொண்டிருப்பது முடியும்வரை காத்திருங்கள். இன்டரப்டை மூடுங்கள். மின்சாரத்தை நிறுத்துவது எல்லாவற்றுக்கும் கடைசி. பலர் நேராகக் கடைசிப் படிக்குப் போய்விடுகிறார்கள். சஸ்பெண்ட் ஃபங்ஷன் முடிந்த பிறகும், இன்டரப்டுகளை கெர்னல் மொத்தமாக மூடும் கட்டம் வரும்வரை உங்கள் ஹேண்ட்லர் (இன்டரப்ட் வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) ஓடக்கூடும். மின்சாரம் இல்லாத சிப்பை அது படிக்கப் போகும். மேசையில் நூறு முறை சோதித்தாலும் சிக்காத, வெளியே போனதும் எப்போதாவது ஒரு வண்டியில் மட்டும் தலைகாட்டும் வகைப் பிழை இது.

கருவியை எழுப்பும் சாதனத்துக்கு விதி வேறு. இக்னிஷன் கம்பியோ முடுக்கமானியின் அசைவு இன்டரப்டோ எழுப்ப வேண்டுமானால், அந்தச் சிப்பின் மின்சாரத்தைத் துண்டிக்கக் கூடாது. அதன் இன்டரப்டை எழுப்பும் உரிமையுடன் விட்டு வைக்க வேண்டும். எழுந்ததும் அந்த உரிமையைத் திரும்பப் பெற வேண்டும். எழுப்பும் வசதி உண்டு என்பதை டிரைவர் அறிவிக்கலாம். அதை இயக்குவதா வேண்டாமா என்ற முடிவைப் பயனருக்கு விட்டுவிடுவதே முறை. நம் ஊர்ச் சாலையோரத்தில், லாரிகள் கடந்து போகும் இடத்தில் நிறுத்திய வண்டி அதிர்ந்துகொண்டே இருக்கும். அசைவு வரம்பைக் குறைவாக வைத்துவிட்டால் இரவெல்லாம் கருவி விழித்து விழித்துத் தூங்கும்.

ரன்டைம் பவர் மேனேஜ்மென்ட் வேறு விஷயம். கருவி விழித்திருக்கும்போதே வேலையில்லாத சாதனத்தை மட்டும் தூங்க வைப்பது. 2009 டிசம்பரில் வந்த லினக்ஸ் 2.6.32 முதல் இந்த வசதி இருக்கிறது. அதில் ஒரு பழைய பொறி உண்டு. சாதனத்தை எழுப்பும் 'கெட் சிங்க்' அழைப்பு தோற்றாலும், சாதனம் எத்தனை இடங்களில் பயனில் இருக்கிறது என்ற பயன்பாட்டு எண்ணிக்கை ஏறிவிடும். பிழை வழியில் அதைக் குறைக்க மறந்தால் அந்தச் சாதனம் இனித் தூங்காது. தோற்றால் எண்ணிக்கையைத் தானே குறைத்துவிடும் மாற்று அழைப்பு லினக்ஸ் 5.10இல் வந்தது. புதிய நிரலில் அதையே பயன்படுத்துங்கள்.

நேரத்தையும் கவனியுங்கள். உறக்கத்தில் கழியும் நேரத்தை மோனோடானிக் கடிகாரம் எண்ணாது. பூட்டைம் கடிகாரம் எண்ணும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடத்தைத் தெரிவிக்க வேண்டிய கருவி இரண்டு மணி நேரம் மௌனமாக இருந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

சோதனைக்கு கெர்னலிலேயே வசதி இருக்கிறது. பிஎம் டெஸ்ட் என்ற அந்த வசதியில் 'டிவைசஸ்' நிலையைத் தேர்ந்தெடுத்தால் எல்லா டிரைவர்களையும் தூங்க வைத்து, ஐந்து நொடி காத்திருந்து எழுப்பும். வரிசைப் பிழைகளைப் பிடிக்க இது நல்ல வழி. ஆனால் இதில் பலகை உண்மையாகத் தூங்குவதில்லை. துண்டிக்கப்பட வேண்டிய மின்சாரம் துண்டிக்கப்படாமலே இருக்கலாம். இந்தச் சோதனையில் தேறிய டிரைவர், சிப்பு எல்லாவற்றையும் மறக்கும் நிஜ உறக்கத்தில் தோற்பது சகஜம். அதனால் ஆர்டிசி (தூங்கும்போதும் ஓடும் கடிகாரம்) அலாரம் வைத்து நிஜமாகவே தூங்கி எழும் ஸ்கிரிப்டை ஓர் இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒவ்வொரு முறை எழுந்ததும் சென்சார் மதிப்பு மாறுகிறதா என்று அதுவே சரிபார்க்கட்டும். கருவி எழுந்துவிட்டது என்பது மட்டும் தேர்ச்சி ஆகாது.

மின்னோட்டத்தை அளக்கும்போது யூஎஸ்பி கேபிளைக் கழற்றிவிடுங்கள். கேபிள் வழியாகவும் மின்சாரம் வரும், சில பலகைகளில் அது செருகியிருக்கும்வரை கருவி தூங்கவே மறுக்கும். பேட்டரிக் கம்பியில் தொடராக மீட்டரை இணைத்து, தூங்கிய பிறகு அரை மணி நேரம் பாருங்கள். எண் இறங்காமல் நின்றாலோ, இறங்கி இறங்கி ஏறினாலோ, கெர்னலின் டீபக் கோப்பகத்தில் இருக்கும் வேக்அப் சோர்சஸ் (கருவியை எழுப்பியவை) பட்டியலைத் திறங்கள். அதில் எந்தப் பெயருக்கு எதிரே எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறதோ, அந்த டிரைவரிலிருந்து தேடலைத் தொடங்கலாம்.