பச்சையைக் கூட்டினால் நெரிசல் குறையுமா?

"எங்கள் சந்திப்பில் பச்சை நேரத்தைக் கூட்டினாலே போதுமே, எதற்குக் கோடிக்கணக்கில் மேம்பாலம்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது.

ஒவ்வொரு முறை பச்சை விழும்போதும் கொஞ்ச நேரம் வீணாகிறது. முதல் வண்டி கியர் போட்டு நகரவே ஓரிரு நொடி ஆகும்; நாலைந்து வண்டி கடந்த பிறகுதான் ஓட்டம் சீராகும். முடிவில் மஞ்சளிலும் கொஞ்சம் போகும். ஒரு பச்சைக்கு 4 நொடி என்று வைத்தால், நான்கு பக்கமும் தனித்தனியாகப் பச்சை விழும் சந்திப்பில், எல்லாப் பக்கமும் ஒருமுறை பச்சை விழுந்து முடியும் ஒரு சுற்றுக்கு 16 நொடி போச்சு. 60 நொடிச் சுற்றில் அது கால்பங்குக்கும் மேல். பச்சையைக் கூட்டிச் சுற்றை 120 நொடியாக்கினால் வீணாகும் பங்கு பாதியாகக் குறையும். இதுவரை வாசகர் சொன்னது சரி.

ஆனால் சுற்று நீள நீள, சிவப்பில் நிற்கும் வரிசையும் நீண்டு பின்னால் உள்ள சந்திப்பை அடைக்கும். இரண்டுக்கும் நடுவே எது சரியான அளவு? 1958-இல் பிரிட்டனின் சாலைப் போக்குவரத்து ஆராய்ச்சியாளர் வெப்ஸ்டர் ஒரு சூத்திரம் கொடுத்தார். வீணாகும் நொடிகளை ஒன்றரையால் பெருக்கி, 5 கூட்டுங்கள். பிறகு ஒன்றிலிருந்து சந்திப்பின் சுமையைக் கழித்து, வரும் எண்ணால் வகுங்கள். கிடைப்பதுதான் சரியான சுற்றின் நொடிகள். அவ்வளவுதான்.

சுமை என்பது என்ன? சாலை அகலத்தில் மீட்டருக்கு 525 கார் என்பது அவர் கணக்கு. 10 மீட்டர் சாலையில் பச்சை எரிந்துகொண்டே இருந்தால் மணிக்கு 5,250 கார் கடக்கும். வருவது 1,300 என்றால் சுமை 0.25. பைக், பஸ் எல்லாவற்றையும் கார் கணக்குக்கு மாற்றிக்கொள்வார்கள். ஒவ்வொரு பச்சையின் சுமையையும் கூட்டினால் சந்திப்பின் மொத்தச் சுமை கிடைக்கும்.

நான் ரசிப்பது அந்த வகுத்தலைத்தான். நம் 16 நொடிச் சந்திப்பில் சுமை 0.5 என்றால் சுற்று 58 நொடி. 0.7 என்றால் 97. 0.9 என்றால் 290! இன்று 0.7-இல் இருக்கும் சந்திப்பில் வண்டிகள் ஆண்டுக்கு 5% பெருகினால், ஐந்தே ஆண்டில் சுமை 0.89, சுற்று நான்கரை நிமிடம். எட்டாவது ஆண்டில் சுமை ஒன்றைத் தாண்டிவிடும், சூத்திரமே கையை விரித்துவிடும். "போன வருஷம்கூட நல்லாத்தானே இருந்தது" என்று எல்லோரும் புலம்புவது இதனால்தான். எதிர்காலத்துக்குத் திட்டமிடுகிறவர் பார்க்க வேண்டியது இன்றைய வரிசையை அல்ல, ஒன்றுக்கும் சுமைக்கும் நடுவே மிச்சமிருக்கும் இடைவெளியை.

அந்த இடைவெளியை மீட்க மேம்பாலம் மட்டுமே வழியல்ல. வலப்பக்கம் திரும்புவதைத் தடுத்து, வண்டிகளை நேராகப் போகவிட்டு, தள்ளி ஒரு யு-டர்ன் அடித்து வந்து இடப்பக்கம் திரும்ப வைக்கலாம். குறுக்கே திரும்பும் வண்டி இல்லாததால் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு ஒரே நேரத்தில் பச்சை விடலாம்; நான்கு பச்சை இரண்டாகும், வீண் 8 நொடியாகும். சுமை 0.55-க்கு இறங்கினால் சுற்று 38 நொடி. ஐந்தாண்டு கழித்தும் 57தான். சென்னை ராஜீவ் காந்தி சாலையில் 'யு' வடிவ மேம்பாலங்கள் வந்ததும் வலப்பக்கத் திருப்பத்தைச் சந்திப்பிலிருந்து விலக்கத்தான். நடந்து கடப்பவர்களுக்கு மட்டும் தனியாக வழி செய்ய வேண்டும். அதைத்தான் நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

இன்னும் மலிவான வழியும் உண்டு: சாலையை அடைத்து நிற்பவற்றை அகற்றுவது. கோட்டருகே நிற்கும் ஷேர் ஆட்டோ, சந்திப்பிலேயே வைத்த பஸ் நிறுத்தம், ஆயுத பூஜைக்கு மறுநாள் சிதறிக் கிடக்கும் பூசணிக்காய் (திருஷ்டி கழிந்ததோ இல்லையோ, பைக் வழுக்குவது நிச்சயம்) எல்லாம் சேர்ந்து நம் 10 மீட்டர் சாலையில் 3 மீட்டரைத் தின்றால், அந்த 0.25 சுமை 0.35 ஆகிவிடும்.

ஒரு மனக்குறை. வெப்ஸ்டரின் எண்கள் வரிசையில் போகும் ஆங்கிலேயக் கார்களுக்கானவை. இடுக்கில் நுழைந்து முன்னால் வந்து நிற்கும் நம் பைக்குகளை அவர் பார்த்ததில்லை. நம் சாலைகளுக்கென்று அளந்து, மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம் முன்நின்று தயாரித்த கையேடு 2017-இல்தான் வந்தது. பாலத்துக்குக் கோடிகளை ஒதுக்குகிறவர்கள், வண்டிகளை ஆண்டு முழுவதும் எண்ணும் கருவிகளுக்கும் அதில் ஒரு சிறு பங்கை ஒதுக்கலாம்.