சாங்கி முனையில் மட்டும் சூடாகும் எஞ்சின்

சிங்கப்பூர் யீஷூனிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார்: "அண்ணே, நானும் மச்சானும் சேர்ந்து ஒரு பழைய படகு வாங்கினோம். 60 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின், படகின் பின்புறத்தில் வெளியே மாட்டும் வகை. இரண்டு வருஷமாகக் கரையிலேயே ஏற்றி வைத்திருந்த படகாம். உபின் தீவுப் பக்கம் ஜோராக ஓடுகிறது. திரும்பி வரும்போது சாங்கி முனையை நெருங்கினாலே, எஞ்சின் சூடாகிவிட்டதென்று அலாரம் அடிக்கிறது. மூன்று தடவையும் அதே இடம். அந்த இடம் சரியில்லை, சீனர்களின் ஏழாம் மாதம், ஆவிகள் உலவும் மாதம், முடியட்டும் என்கிறார் மச்சான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

மச்சான் கவனித்தது ரொம்பச் சரி. அலாரம் எங்கே அடிக்கிறது என்று மனதில் குறித்து வைத்திருக்கிறாரே, பாதி வேலையை அவரே முடித்துவிட்டார். ஆனால் அந்த இடத்தில் நீங்கள் இருவரும் என்ன செய்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆள் ஏற்றும் பம்போட்டுப் படகுகள் குறுக்கும் நெடுக்குமாகப் போகும் இடம் அது. வேகத்தைக் குறைத்து, கிட்டத்தட்ட ஐடிலில், அதாவது எஞ்சின் மிக மெதுவாகச் சுற்றும் நிலையில், ஊர்ந்து வருகிறீர்கள். புறப்படும்போதும் அங்கே மெதுவாகத்தான் போகிறீர்கள். அப்போது எஞ்சின் இன்னும் சூடேறவில்லை, அதனால் அலாரம் இல்லை. சூடான எஞ்சின், குறைந்த வேகம். இந்த இரண்டும் சேர்ந்தால் உபின் கரையோரத்திலும் அலாரம் அடிக்கும்.

எஞ்சினின் மற்ற விஷயங்களை வேகமாகத் தாண்டிவிடலாம். பெட்ரோல், தீப்பொறி, கம்ப்ரெஷன் மூன்றும் சரியாக இருந்தால்தான் ஜோராக ஓடும், உங்களுடையது ஓடுகிறது. இருந்தாலும் பழைய எஞ்சின் என்பதால் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். லேசான பழுப்பு நிறம் நல்லது. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. ஒரே ஒரு பிளக் மட்டும் கழுவித் துடைத்ததுபோலப் பளிச்சென்று இருந்தால் அந்த சிலிண்டருக்குள் தண்ணீர் புகுகிறது. அப்புறம், கியர் எண்ணெய் பால் கலந்த காபிபோல இருந்தால் அங்கேயும் தண்ணீர்தான்.

இப்போது சூட்டுக்கு வருவோம். காருக்கு ரேடியேட்டர் இருக்கிறது. அவுட்போர்டுக்குக் கடலே ரேடியேட்டர். நம் பக்கத்துக் கடல் ஆண்டு முழுக்க 28 முதல் 30 டிகிரி. வெதுவெதுப்பான தண்ணீர்தான், ஆனாலும் எஞ்சினைக் குளிர்விக்கத் தாராளமாகப் போதும். சுழல்விசிறிக்கு மேலே உள்ள துளைகள் வழியாக அதை உறிஞ்சி, மேலே எஞ்சினுக்குள் ஏற்றி, மறுபடி கடலிலேயே விடுகிறது ஒரு சின்ன பம்பு. அந்தத் தண்ணீரில் கொஞ்சம் எஞ்சினின் பின்பக்கத்திலிருந்து மெல்லிய தாரையாகப் பீய்ச்சும். பம்பு வேலை செய்வதைக் கண்ணால் பார்ப்பதற்கென்றே வைத்த தாரை அது.

அந்த பம்பை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். உள்ளங்கையில் அடங்கும் ரப்பர் சக்கரம். இம்பெல்லர் என்பார்கள். நடுவிலிருந்து ஆறு ரப்பர் இதழ்கள் விரிந்திருக்கும். அது சுழலும் கிண்ணம் வட்டம்தான், ஆனால் சக்கரம் கிண்ணத்தின் நடுவில் இல்லை. ஒரு பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறது. அத்தனை சூட்சுமமும் அந்த ஒதுக்கத்தில்தான். சுவர் நெருங்கும் பக்கத்தில் இதழ்கள் மடங்குகின்றன. சுவர் விலகும் பக்கத்தில் நிமிர்கின்றன. இதழ் நிமிரும்போது இரண்டு இதழ்களுக்கு நடுவே உள்ள இடம் பெரிதாகி, தண்ணீரை உள்ளே இழுக்கிறது. அரைச் சுற்று கழித்து அதே இடம் ஒடுங்கி, தண்ணீரை வெளியே பிதுக்குகிறது. வால்வு கிடையாது, பிஸ்டன் கிடையாது. சுற்றிக்கொண்டே மூச்சு விடும் ஆறு சின்ன நுரையீரல்கள்.

வேகம் கூடும்போது என்ன ஆகிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். தண்ணீரின் எதிர்ப்பு இதழ்களைப் பின்னுக்குத் தள்ள, அவை தூரத்துச் சுவரைத் தொடாமலே சுழல ஆரம்பிக்கின்றன. இப்போது அது பிதுக்கும் பம்பு இல்லை. தண்ணீரைச் சுழற்றி வெளியே வீசும் மையவிலக்கு பம்பு. கியர் மாற்றவில்லை, யாரும் கட்டளை கொடுக்கவில்லை. வளைந்து கொடுக்கும் குணம் ஒன்றாலேயே ஒரே துண்டு ரப்பர் இரண்டு விதமான பம்பாக வேலை செய்கிறது.

உங்கள் படகின் கதையும் அந்த ரப்பரில்தான் இருக்கிறது. இரண்டு வருஷம் சுற்றாமல் கிடந்தபோது, நெருங்கிய சுவர்ப் பக்கம் மாட்டிய இதழ்கள் அத்தனை நாளும் மடங்கியே இருந்தன. ரப்பருக்குள் இடியாப்பம்போலச் சிக்கிக் கிடக்கும் நீளமான மூலக்கூறுகளை ஆங்காங்கே வேதியியல் முடிச்சுகள் பிணைத்திருக்கின்றன. மடக்கி விட்டால் பழையபடி நிமிர்வது அந்த முடிச்சுகளால்தான். ஆனால் வெயிலில் மாதக்கணக்கில் மடங்கியே கிடந்தால் சில முடிச்சுகள் அறுந்து, மடங்கிய நிலையிலேயே புதிய முடிச்சுகள் விழுகின்றன. அப்புறம் அதுவே அந்த இதழின் இயல்பு. அவை சுவரைத் தொடாததால் ஐடிலில் உறிஞ்சல் இல்லை. வேகமாகப் போனால் வீசும் பம்பாகிவிடுவதால் தண்ணீர் வருகிறது, சூடும் குறைகிறது.

இம்பெல்லரில் இருப்பது பெரும்பாலும் செயற்கை ரப்பர். ஆனாலும் ரப்பர் என்றாலே எனக்கு நம் பூமலைதான், சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டம்தான், நினைவுக்கு வரும். 1877இல் லண்டனின் கியூ தோட்டத்திலிருந்து 22 நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888இல் தோட்டத்துக்குப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகவிடாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை இங்கேதான் உருவாக்கினார். ரப்பர் நடுங்கள் என்று அவர் சொல்லித் திரிந்தபோது தோட்ட முதலாளிகள் கிறுக்கர் என்றார்கள். பிறகு மலாயா முழுக்கப் பால்மரம் வந்தது. அதைச் சீவிப் பால் எடுக்க நம் தாத்தா பாட்டிகளும் வந்தார்கள். இரண்டு, மூன்று வருஷத்தில் பலன் காட்டு என்று ஆராய்ச்சியாளர்களை நெருக்குபவர்கள், அந்த நாற்றுகள் எத்தனை வருஷம் காத்திருந்தன என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

சரி, பம்பைப் பிரிக்கும் முன் ஒரு சோதனை. எஞ்சின் சூடேறியதும் குளிர்நீருக்கு வழி திறக்கும் தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கிக்கொண்டாலும் இதே மாதிரி ஐடிலில்தான் சூடேறும். வேகமாகப் போகும்போது பல எஞ்சின்களில் அழுத்த வால்வு திறந்து காப்பாற்றிவிடும். இரண்டையும் பிரித்துச் சொல்வது அந்தத் தாரைதான். அலாரம் அடிக்கும்போது எட்டிப் பாருங்கள். தாரை துளித்துளியாகச் சொட்டினால் முதலில் அதன் துவாரத்தில் ஒரு தூண்டில் நரம்பை விட்டுக் குடையுங்கள், உப்போ சேறோ அடைத்திருக்கலாம். அடைப்பு இல்லையென்றால் பம்பு. தாரை கம்பிபோல வந்தும் அலாரம் அடித்தால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, வெந்நீர்ப் பாத்திரத்தில் போட்டுப் பாருங்கள். கடல் எஞ்சின்களில் அது சுமார் 60 டிகிரியிலேயே திறந்துவிட வேண்டும். கார்போல 80, 90 வரை விட்டால் கடல்நீரின் உப்புகள் உள்ளே பாறைபோலப் படிந்துவிடும்.

ஏழாம் மாதத்தில் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுபவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. மச்சானும் கும்பிடட்டும். ஆனால் மாதம் முடியட்டும் என்று இதே எஞ்சினோடு கடலுக்குப் போய்வர வேண்டாம். கப்பல்கள் போகும் நீரிணையில் எஞ்சின் இறுகி நின்றால், நீரோட்டம் இழுக்கும் பக்கம்தான் படகு போகும்.

இதையெல்லாம் பதிலாக எழுதி அனுப்பியிருந்தேன். போன வாரம் வாசகர் ஒரு படம் அனுப்பினார். தாரை சொட்டத்தான் செய்திருக்கிறது. பழைய இம்பெல்லர் செய்தித்தாள் மேல் கிடக்கிறது: மூன்று இதழ்கள் நிமிர்ந்து, இரண்டு படுத்து, ஆறாவதில் நுனி இல்லை. சில பத்து வெள்ளியில் புதியது வாங்கியாயிற்று, சனிக்கிழமை படகை இறக்கப் போகிறோம் என்று எழுதியிருந்தார். உடனே கூப்பிட்டு நிறுத்தச் சொன்னேன். அந்த நுனி எங்கேயும் போயிருக்காது. தண்ணீர் ஏறும் குழாயிலோ தெர்மோஸ்டாட் அறையிலோதான் மாட்டியிருக்கும். அதைத் தேடி எடுத்த பிறகு இறக்குங்கள்.