ஆளில்லாத கடல்குளமா? முதலில் பாறையைப் பாருங்கள்

நீச்சல் சொல்லிக்கொடுப்பது என் வேலை. அதனால் வாட்ஸ்அப்பில் மாதம் ஒரு முறையாவது ஒரே மாதிரி போட்டோ வந்துவிடும். பாறைகளுக்கு நடுவே கண்ணாடி மாதிரித் தண்ணீர், சுற்றிலும் ஒரு ஈ காக்கா கிடையாது, கீழே "இங்கே குளிக்கலாமா?" என்று ஒரு வரி. போன மாதம் அனுப்பியவர் என்னிடம் இரண்டு வருடமாகக் கற்றுக்கொள்ளும் மாணவி. எத்தனை மணிக்கு எடுத்த படம் என்று திருப்பிக் கேட்டேன். தெரியவில்லை, எங்கேயோ கண்ணில் பட்டது என்றார்.

மணி தெரியாமல் பதில் சொல்ல முடியாது. டைடல் பூல் என்று சொல்கிற இந்தக் கடல்குளங்களில் பம்பும் இல்லை, குளோரினும் இல்லை. பாறைத் திட்டில் ஒரு பள்ளம், கடல் பக்கம் ஒரு சுவர், அவ்வளவுதான். கடல் ஏறும்போது அலை சுவரைத் தாண்டி விழுந்து பழைய தண்ணீரைக் கழுவிக்கொண்டு போகும், வற்றும்போது புதுத் தண்ணீர் உள்ளே தங்கிவிடும். சுத்தம் செய்கிற அதே அலைதான் ஆளையும் இழுக்கிறது. பெரும்பாலான கடற்கரைகளில் இந்தக் குளம் தினம் இரண்டு தடவை கடலாகி மறுபடி குளமாகிறது, நீங்கள் பார்த்த போட்டோ அதில் ஏதோ ஒரு நிமிடம்.

அப்புறம், அமைதி என்பதில் இரண்டு வகை உண்டு. ஆள் இல்லாத அமைதி ஒன்று, அலை இல்லாத அமைதி இன்னொன்று. நாம் தேடிப் போவது முதலாவதை, ஆனால் மனசு தானாகவே இரண்டாவதும் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. பக்கத்தில் குடியிருக்கிற, தினம் குளிக்கிற ஆட்கள் யாரும் அந்த நேரத்தில் வரவில்லை என்றால் அவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்றுதான் நான் முதலில் நினைப்பேன்.

சிட்னி கரையோரம் இப்படிப்பட்ட குளங்கள் வரிசையாக இருக்கின்றன. பிரான்ட்டியில் உள்ளது 1887-இல் திறந்தது. கூஜியில் இருக்கும் மெக்கைவர்ஸ் குளம் 1886-இலிருந்து பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டும். வடக்கே நியூகாஸில் நகரத்தில் 'போகி ஹோல்' என்றொரு பள்ளம், 1819 வாக்கில் கைதிகளை வைத்துப் பாறையில் வெட்டியது. கேப் டவுனில் செயின்ட் ஜேம்ஸ் குளத்தில் வண்ண வண்ண மரக் குடில்கள் இருப்பதால் கூட்டம் அங்கே நிற்கும், கொஞ்சம் தள்ளி டேல்புரூக், உல்லீஸ் என்று இருக்கிற குளங்கள் அவ்வளவாகப் படத்தில் வருவதில்லை. பிரபலமில்லாத குளம் வேண்டுமா, சாட்டிலைட் மேப்பில் கரையோரப் பாறைகளைப் பெரிதாக்கிப் பாருங்கள், இயற்கையில் நேர்க்கோடு அபூர்வம், பாறைக்கு நடுவே ஒரு நேர் விளிம்பு தெரிந்தால் பெரும்பாலும் சுவர்தான். சிட்னியில் பல குளங்களுக்குத் தண்ணீரை வடித்துப் பாசி சுரண்டுவதற்கென்றே நாள் வைத்திருக்கிறார்கள். அன்றைக்குப் போனால் அமைதி மட்டும்தான் கிடைக்கும்.

இடத்தை மாற்றுவதைவிட நேரத்தை மாற்றுவது சுலபம், வார நாள் காலையில் போனால் போதும் என்பார்கள். சரிதான், ஆனால் கடல் உங்கள் அலாரத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. ஏற்றமும் வற்றமும் ஒரு நாளைக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இந்தச் செவ்வாய் காலை 7 மணிக்குக் கடல் முழுக்க வற்றி, குளம் தட்டில் ஊற்றிய தண்ணீர் போல் இருந்தது என்று வையுங்கள். அடுத்த செவ்வாய் அதே 7 மணிக்குப் போனால் கிட்டத்தட்ட முழு ஏற்றம், சுவர் இருக்கிற இடமே தெரியாமல் நுரை ஓடிக்கொண்டிருக்கும். "போன வாரம் இதே நேரம் நன்றாக இருந்ததே" என்று சொல்லிக்கொண்டே இறங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஏறுவதும் ஒரே வேகத்தில் ஏறாது. ஆறு மணி நேர ஏற்றத்தில் முதல் மணியில் பெரிதாக ஒன்றும் தெரியாது, மூன்றாவது நான்காவது மணிகளில்தான் மொத்த உயரத்தில் பாதி வந்துவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இந்த உயரமும் கூடும். நடுவில் வருகிற சிறிய ஏற்ற நாட்களில், கடலும் சாதுவாக இருந்தால், சில குளங்களில் அலை சுவரைத் தாண்டாமலே நாட்கள் போய்விடும். அப்போது தண்ணீர் அசையாமல், வெதுவெதுப்பாக, லேசான பச்சையாக இருக்கும். அமைதியோ அமைதி, ஆனால் நான் அதில் வாய் வைக்க மாட்டேன்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் நான்கு பேரை ஒரு கடல்குளத்துக்குக் கூட்டிப்போய், கடல் பக்கச் சுவர்மேல் ஏறி, கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, அவர்கள் எத்தனை சுற்று அடிக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு அலை வந்தது. முழங்கால் உயரம்கூட இருக்காது, காலை அப்படியே வாரிவிட்டது. குளத்துக்குள் விழுந்ததால் தப்பித்தேன், முழங்காலுக்குக் கீழே ஒட்டுச்சிப்பி கிழித்த தழும்பு இன்றும் இருக்கிறது. தண்ணீர் திரும்பிப் போகிறபோது விழுந்திருந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் போயிருப்பேன். ஏறும்போதே சுவர் ஈரமாக, பச்சையாக இருந்ததைப் பார்த்தேன். வழுக்குமே என்று பார்த்துப் பார்த்துக் கால் வைத்தேனே தவிர, அதை நனைத்தது யார் என்று கேட்கத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து தண்ணீரைப் பார்ப்பதற்கு முன்னால் பாறையைப் பார்க்கிறேன். காய்ந்து வெளிறிப்போன பாறை வரை அலை இப்போதைக்கு வரவில்லை. ஈரப்பாறை இருந்தால் கொஞ்ச நேரத்துக்கு முன் தண்ணீர் அங்கே வந்திருக்கிறது, மறுபடியும் வரும். பச்சையும் கறுப்புமாகப் பளபளக்கிற இடத்தில் கால் வைக்காதீர்கள், வெள்ளையாகச் சொரசொரவென்று சிப்பி அப்பியிருக்கிற இடத்தில் செருப்புப் பிடிமானம் கிடைக்கும், வெறுங்காலைக் கிழித்துவிடும். உட்கார்ந்து இருபது நிமிடம் பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாகத்தான் வரும், நடுவில் வெகுநேரம் சும்மா இருக்கும், அந்தச் சும்மா இருக்கிற நேரத்தில் வந்து சேர்கிறவர்தான் ஏமாறுவார்.

குளிர் இன்னொரு விஷயம். கேப் டவுனின் அட்லாண்டிக் பக்கத்தில் கோடையில்தான் தண்ணீர் ரொம்பச் சில்லிடும், தென்கிழக்குக் காற்று மேல்தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போக, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. மேலே சுள்ளென்று வெயில், கீழே 12 டிகிரி என்றால் உடம்பு திணறும். 15 டிகிரிக்குக் கீழே சட்டென்று இறங்கினால் மூச்சு தானாக இழுத்துக்கொள்ளும், அந்த நொடியில் முகம் தண்ணீருக்குள் இருந்தால் கதை முடிந்தது. ஒன்றிரண்டு நிமிடம் நீந்த முயலாமல் மல்லாந்து மிதந்தால் மூச்சு அடங்கிவிடும். கரை ஏறியபின்னும் கொஞ்ச நேரம் உள்சூடு இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதால் துவட்டிக்கொண்டு உடனே துணி மாற்றுங்கள், போட்டோவெல்லாம் அப்புறம்.

தலைகீழாகப் பாய்வது வேண்டவே வேண்டாம். போன வாரம் ஆறடி இருந்த இடத்தில் இன்று மணல் ஏறியிருக்கலாம், அல்லது அலை ஒரு பாறாங்கல்லை உருட்டிப் போட்டிருக்கலாம். பலத்த மழை பெய்த மறுநாள் போகாதீர்கள், ஊர்ச் சாக்கடை முழுக்க அங்கேதான் வந்திருக்கும். பாறை இடுக்கில் கையை விட்டுத் துழாவாதீர்கள். ஆஸ்திரேலியக் குளங்களில் நீல வளைய ஆக்டோபஸ் இருக்கலாம், உள்ளங்கைக்குள் அடங்குகிற பிராணி, அதன் விஷத்துக்கு முறிவு மருந்து கிடையாது.

தனியாகப் போகாதீர்கள் என்பதை எல்லாரும் சொல்வார்கள். நான் சொல்வது, கூட வருகிறவர் தண்ணீரில் இறங்காமல் கரையில் இருக்கட்டும், போனைப் பார்க்காமல் உங்களைப் பார்க்கட்டும். லைஃப்கார்டு இல்லாத குளத்தில் உங்களுக்கு இருக்கிற ஒரே லைஃப்கார்டு அவர்தான்.

போட்டோ அனுப்பிய அந்த மாணவி அடுத்த ஞாயிறே தங்கையுடன் அந்தக் குளத்துக்குப் போயிருக்கிறார். காலையில் ஒரு போட்டோ வந்தது. குளமே இல்லை, வெறும் பாறை, அதன் குறுக்கே ஈரக் கோடு. கீழே, "இடுப்பு உயரம் வரைக்கும் ஈரம், கடல் இன்னும் ஏறுது, நாங்க இறங்கல." அடுத்த முழு வற்றம் காலை நேரத்தில் விழுகிற நாளைக் கடல் ஏற்ற வற்ற அட்டவணையில் குறித்து வைத்திருக்கிறோம், அன்றைக்கு நானும் போகிறேன்.