பிரசவ அறையில் அம்மா பக்கத்தில் நின்றால் என்ன ஆகிறது?

வலி எடுத்த பெண்ணின் பக்கத்தில் கடைசிவரை ஒருவர் கூடவே இருந்தால், பிரசவம் நடக்கும் விதமே மாறுகிறது. 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளை 2017-இல் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். துணை இருந்தவர்களுக்குச் சுகப்பிரசவம் அதிகம், சிசேரியன் குறைவு, வலி நேரமும் கொஞ்சம் குறைவு. துணையாக இருந்தது சில இடங்களில் நர்ஸ், சில இடங்களில் பயிற்சி பெற்ற பெண், சில இடங்களில் சொந்தக்காரர். சரி, பக்கத்தில் ஆள் நிற்பது கர்ப்பப்பைக்கு எப்படித் தெரிகிறது?

கர்ப்பப்பையைச் சுருங்க வைப்பது ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன். மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ் இதைச் சுரக்கிறது. பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதி சேர்த்து வைத்து, விட்டு விட்டு இரத்தத்தில் கலக்கிறது. பிட்யூட்டரிச் சாறு பூனையின் கர்ப்பப்பையைச் சுருக்குவதை 1906-இல் ஹென்றி டேல் கண்டார். வின்சென்ட் டு விக்னோ 1953-இல் இந்த ஹார்மோனை ஆய்வுக்கூடத்திலேயே உருவாக்கினார்.

உடம்பு எதையும் ஓர் அளவில் நிறுத்தி வைக்கத்தான் பார்க்கும். பிரசவத்தில் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. குழந்தையின் தலை கர்ப்பப்பை வாயை அழுத்துகிறது, வாய் விரிய விரிய நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன, மூளை இன்னும் ஆக்ஸிடோசின் விடுகிறது, சுருக்கம் கூடுகிறது, தலை இன்னும் அழுத்துகிறது. வாய் 10 சென்டிமீட்டர் திறந்து குழந்தை வெளியே வந்த பிறகே இந்தச் சுற்று ஓய்கிறது.

இதைக் குலைக்கக்கூடியது பயம். பயந்தால் அட்ரினலின் என்ற இன்னொரு ஹார்மோன் ஏறுகிறது. கர்ப்பப்பைத் தசையில் அதைப் பிடித்துக்கொள்வதற்கென்றே ஏற்பிகள் உண்டு, அவை தசையைத் தளர்த்திவிடும். காட்டில் இது உயிர் காக்கும் ஏற்பாடு: பகை வந்தால் பிரசவத்தை நிறுத்திவிட்டு ஓட வேண்டும் இல்லையா? ஆனால் அறிமுகமில்லாத அறை, கண்ணைக் கூசும் விளக்கு, பக்கத்துக் கட்டிலில் அலறல், அதட்டும் குரல், இவற்றையும் உடம்பு ஆபத்து என்றே எடுத்துக்கொள்ளும். பதற்றமும் அட்ரினலினும் கூடுதலாக இருந்த பெண்களுக்குச் சுருக்கங்கள் வலுவிழந்து பிரசவம் நீண்டதை 1978-இல் அமெரிக்காவில் அளந்தே காட்டினார்கள்.

அப்படி மந்தமானால் ஆக்ஸிடோசினை டிரிப்ஸில் ஏற்றுவார்கள். கர்ப்பப்பை சுருங்கும். ஆனால் இரத்தத்தில் ஏற்றும் ஆக்ஸிடோசின் மூளைக்குள் எளிதில் நுழையாது. மூளைக்குள்ளேயே சுரப்பதுதான் பயத்தைத் தணிக்க உதவுகிறது. அந்த வேலையை டிரிப்ஸ் செய்ய முடியாது. ஒரு தாயின் கை செய்யும்.

குமரி மாவட்டத்தில் பேறுகாலத் துணையாகப் போகிறவர்கள் செய்வதைக் கவனித்திருப்பீர்கள். வலி ஏறும்போது மகளைச் சற்று முன்னால் சாய்த்து, உள்ளங்கையின் அடிப்பாகத்தை இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடியும் இடத்தில் வைத்து அழுத்துவார்கள். "பயப்படாத மக்களே, அம்மா இங்கதான் நிக்கேன்" என்பார்கள். வலி இறங்கியதும் கையை எடுத்து, ஒரு மடக்கு கஞ்சித்தண்ணி கொடுப்பார்கள், அப்புறம் நாலு எட்டு நடக்க வைப்பார்கள். அழுத்தமும் வலியும் தண்டுவடத்தில் ஒரே வாசலில் முட்டிக்கொள்கின்றன, அழுத்தம் வலியின் வழியை அடைக்கிறது என்று ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1965-இல் விளக்கினார்கள். நடப்பதிலும் பலன் உண்டு. படுத்தே கிடப்பவர்களைவிட நிமிர்ந்து நடமாடுகிறவர்களுக்குப் பிரசவத்தின் முதல் கட்டம், அதாவது கர்ப்பப்பை வாய் முழுதாகத் திறக்கும்வரை ஆகும் நேரம், ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் குறைகிறது.

துணை தேடுவது மனித இனத்தின் எலும்போடு வந்தது என்பது என் எண்ணம். நாம் நிமிர்ந்து நடக்கத் தொடங்கியதில் இடுப்பெலும்பின் வழி வளைந்துவிட்டது. குழந்தை திரும்பித் திரும்பி, பெரும்பாலும் தாயின் முதுகுப்பக்கம் பார்த்தபடி வருகிறது. அதைத் தாய் தானாகவே பிடித்து இழுத்தால் பிள்ளையின் கழுத்து பின்னால் மடங்கும் அபாயம் உண்டு. மெக்சிகோவின் யுகத்தான் பகுதி மாயா மக்களிடம் பெண்ணின் தாயோடு கணவனும் கூட இருந்தாக வேண்டும் என்பது வழக்கம் என மானுடவியலாளர் பிரிஜிட் ஜோர்டன் பதிவு செய்தார். நம் பக்கம் ஏழாம் மாசமோ ஒன்பதாம் மாசமோ பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டி வருகிறோம். குமரிக் கடற்கரையில் தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் வாரக்கணக்கில் கடலில் இருப்பார்கள், வேறு பலர் வளைகுடாவில். அங்கெல்லாம் அம்மா, மாமியார், சித்தி என்று பெண்கள்தான் பேறுகாலத்தைத் தாங்குகிறார்கள்.

இதற்காக வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாம் என்று சொல்லிவிடாதீர்கள். குழந்தை பிறந்தபின் கர்ப்பப்பை சுருங்காவிட்டால் இரத்தம் கொட்டி, சீக்கிரமே தாய் போய்விடுவாள். பிறந்த உடனே போடும் 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி அதைத் தடுக்கிறது. குமரி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த காலத்தில், லண்டனில் மருத்துவம் படித்து 1916-இல் திரும்பிய மேரி புன்னன் லூக்கோஸ், திருவனந்தபுரம் தைக்காடு மருத்துவமனையில் பொறுப்பேற்றார். பரம்பரையாகப் பேறு பார்த்தவர்களின் பிள்ளைகளுக்கு அங்கே மருத்துவச்சிப் பயிற்சி தொடங்கினார். வைத்தியத்தையும் பழகிய கையையும் சேர்த்து வைத்த அந்த யோசனை எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது.

தமிழக அரசு மருத்துவமனைகளில் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிக்கும் ஏற்பாடு வந்து பல வருஷம் ஆகிறது. 2016-இல் மத்திய அரசும் நாடு முழுவதற்கும் அதை அறிவித்தது. யாரைக் கூட்டிப்போவது என்பதை முன்கூட்டியே யோசித்து வையுங்கள். உறவில் நெருங்கியவர் என்பதைவிட, அந்தப் பெண் யாரைப் பார்த்தால் நிம்மதியாக மூச்சு விடுகிறாளோ அவர்தான் சரியான ஆள். தன் பிரசவக் கஷ்டத்தையே சொல்லிச் சொல்லிப் பயமுறுத்துகிறவர் அம்மாவாகவே இருந்தாலும் வெளியே இருக்கட்டும். அவளுக்குக் கணவன்தான் வேண்டுமென்றால், மறைப்பு வசதி இருக்கும் இடத்தில் மத்திய அரசு வழிகாட்டுதல் அதற்கும் இடம் தருகிறது. கட்டிலுக்குக் கட்டில் ஒரு திரை போட்டாலே அந்த வசதி வந்துவிடும்.