மறு இணைவுக் கச்சேரியும் நாற்பத்தைந்து வயதுக் காதும்

டெம்பிள் ஆஃப் தி டாக் என்ற சியாட்டில் ராக் குழு போட்டது ஒரே ஆல்பம், 1991 ஏப்ரலில். மதர் லவ் போன் குழுவின் பாடகர் ஆண்ட்ரூ வுட் 1990 மார்ச்சில் ஹெராயின் அளவு மீறி இறந்துபோனார். அவரோடு ஒரே வீட்டில் தங்கியிருந்த கிறிஸ் கார்னெல் எழுதிய அஞ்சலிப் பாட்டுகளில் தொடங்கியது அது. சவுண்ட்கார்டன் குழுவிலிருந்து கார்னெலும் டிரம்மர் மேட் கேமரனும், மதர் லவ் போனிலிருந்து ஸ்டோன் காஸர்டும் ஜெஃப் அமென்ட்டும், கூடவே கிட்டாருக்கு மைக் மெக்ரெடி, சில பாட்டுகளில் குரல் கொடுக்க அப்போதுதான் சியாட்டிலுக்கு வந்திருந்த எடி வெடர். ஊர் ஊராகப் போய் வாசித்ததே கிடையாது. 25 வருடம் கழித்து, 2016 நவம்பரில், வெடர் இல்லாமல் மற்ற ஐவரும் ஃபிலடெல்ஃபியா, நியூயார்க், சான் ஃபிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலஸ், கடைசியில் சொந்த ஊர் சியாட்டில் என்று ஒரு சுற்று வந்தார்கள். அடுத்த வருடம் மே மாதம் கார்னெலும் போய்விட்டார்.

காது மருத்துவத்தில் இருக்கும் எங்களுக்கு இந்த மாதிரி மறு இணைவுக் கச்சேரிகளில் ஒரு தனிக் கவலை உண்டு. ஆல்பம் வந்தபோது 20 வயதாக இருந்த ரசிகருக்கு 2016-ல் 45. அந்தக் காது ஏற்கெனவே நிறைய வாங்கிக் கட்டிக்கொண்ட காது. கிளப்புகள், வாக்மேன், கார் ஸ்டீரியோ எல்லாம் உள்ளே பதிவாகியிருக்கும். ஆனால் அவரோ தன்னை இன்னும் அதே இருபது வயதுக்காரராகத்தான் நினைத்து முன் வரிசைக்குப் போகிறார்.

உள்காதின் சுருளுக்குள் ஒலியை வாங்கும் மயிரணுக்கள் இரண்டு வகை: வெளி மயிரணுக்கள் சுமார் 12,000, உள் மயிரணுக்கள் சுமார் 3,500. பாலூட்டிகளுக்கு இவை ஒருமுறை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. சத்தத்தால் பழுதான காதைப் பரிசோதித்தால் ஆடியோகிராமில், அதாவது கேட்கும் திறனைக் காட்டும் வரைபடத்தில், 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் தெரியும், 8,000-ல் கோடு மறுபடி மேலே ஏறியிருக்கும். வயதால் வரும் இழப்பு 8,000 பக்கத்திலிருந்து சரிந்துகொண்டே வரும். நாற்பதுகளின் நடுவில் இரண்டும் சந்திக்க ஆரம்பிக்கின்றன. அப்போதுதான், "சத்தம் கேட்குது, ஆனா என்ன சொல்றாங்கன்னு புரியலை" என்று வருகிறார்கள். ச, ஸ, ஃப போன்ற ஒலிகள் இருக்கும் இடம் அந்த உயர் அலைவரிசைதான்.

இப்போது கணக்குக்கு வருவோம். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வைத்திருக்கும் வரம்பு, 85 டெசிபெல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு 1 மணி, 97-க்கு 30 நிமிடம், 100-க்கு 15 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் கச்சேரி அரங்குகளுக்கு வெளியிட்ட தரநிலையில் உச்சவரம்பே 15 நிமிட சராசரி 100 டெசிபெல்தான். வரம்பை ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் அரங்கில்கூட 15 நிமிடத்தில் உங்கள் ஒரு நாள் ஒதுக்கீடு தீர்ந்துவிடலாம் என்று அர்த்தம்.

அந்த ஒரே ஆல்பம் ஏறத்தாழ 55 நிமிடம் ஓடும். அதை வைத்து ஒரு முழு இரவை ஓட்ட முடியாது. அதனால் மதர் லவ் போன் பாட்டுகள், லெட் செப்பலின், பிளாக் சபாத் என்று மற்றவர்களின் பாட்டுகளையும் சேர்த்துத்தான் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீட்டினார்கள். ஆல்பத்திலேயே 'ரீச் டவுன்' மட்டும் 11 நிமிடம், அதில் ஒரு நீண்ட பகுதி மெக்ரெடியின் கிட்டார். சராசரி 100 டெசிபெலில் இரண்டு மணி நேரம் என்றால் ஒரு நாள் ஒதுக்கீட்டைப் போல எட்டு மடங்கு.

இதில் பலரும் தவறாகப் புரிந்துகொள்வது எந்தச் சத்தம் ஆபத்து என்பதைத்தான். நெஞ்சில் இடிக்கிற பேஸ் என்ற தாழ்ந்த ஒலியைக் கண்டு பயப்படுகிறார்கள். காதைப் பொறுத்தவரை பேஸ் அவ்வளவு பெரிய வில்லன் இல்லை. காதுக் குழாயின் நீளமும் வடிவமும் சேர்ந்து 3,000 ஹெர்ட்ஸ் அருகில் வரும் ஒலியை 10 முதல் 15 டெசிபெல் வரை தானாகவே ஏற்றி உள்ளே அனுப்புகின்றன. கேமரனின் சிம்பலும் ஸ்னேரும், டிஸ்டார்ஷன் (ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்குவது) போட்ட இரண்டு கிட்டார்களும் கொட்டுவது அந்த இடத்தில்தான். டிஸ்டார்ஷனுக்கு இன்னொரு குணம் உண்டு. அது ஏற்ற இறக்கத்தை நசுக்கிச் சமமாக்கிவிடும். தனி டிரம் அடிகளுக்கு நடுவில் காதுக்குக் கிடைக்கிற சின்னச் சின்ன இடைவெளிகூட அந்தக் கிட்டார் சுவரில் கிடைக்காது. மீட்டரில் உச்சமும் சராசரியும் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

எங்கே நிற்பது என்பதும் முக்கியம். தடுப்புக் கம்பியை ஒட்டி, மேடையின் இரு ஓரத்திலும் ஸ்பீக்கர் அடுக்குக்கு நேர் எதிரே இருப்பதுதான் மிக மோசமான இடம். மேலே தொங்கும் ஸ்பீக்கர் வரிசை தூரத்துக்குக் குறிவைத்தது என்பதால் முன்வரிசை தப்பித்தது என்று நினைக்க வேண்டாம். முன்னால் நிற்பவர்களுக்காகவே மேடை விளிம்பில் தனி ஸ்பீக்கர்கள் வைத்திருப்பார்கள், மேடையிலிருந்து டிரம்மும் கிட்டார் ஆம்ப்பும் நேராகவே வந்து அடிக்கும். ஒலிக்கலவை மேசைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். சத்தமும் குறைவு, இசையும் அங்கேதான் சரியாகக் கேட்கும், ஏனென்றால் கலப்பவர் அந்த இடத்தில் கேட்பதை வைத்துத்தான் கலக்கிறார். ரசிகர்கள் ஏன் அங்கே முண்டியடிப்பதில்லை என்பது எங்களுக்கு இன்னும் விளங்காத விஷயம்.

அடுத்தடுத்த இரவுகளைப் பற்றி. 2016 சுற்றில் ஃபிலடெல்ஃபியாவை ஒட்டிய டவர் தியேட்டரில் நவம்பர் 4, 5, சியாட்டில் பாரமவுண்டில் 20, 21 என்று இரட்டை இரவுகள். இரண்டுக்கும் டிக்கெட் எடுப்பது தீவிர ரசிகர்களின் வழக்கம். முதல் இரவு முடிந்து வெளியே வரும்போது காது பஞ்சு வைத்தது போல மந்தமாக இருக்கும், உள்ளே 'கொய்ங்' என்று இரைச்சல். இது தற்காலிக இழப்பு, வழக்கமாக 16 முதல் 48 மணி நேரத்தில் தணியும். மறுநாள் கச்சேரிக்கு இடையில் இருப்பதோ இருபது மணி நேரத்துக்கும் சற்றுக் கூட, அவ்வளவுதான். மீளாத காதோடு இரண்டாம் இரவுக்குப் போகிறார்கள், காது மந்தமாக இருப்பதால் சத்தம் அவ்வளவு உறைப்பதும் இல்லை, இன்னும் முன்னால் போகிறார்கள். நடுவில் வரும் பகலில் காரில் அதே ஆல்பத்தைச் சத்தமாகப் போடுவது வேறு. இரட்டை இரவு போகிறவர் முதல் இரவிலேயே காது அடைப்பான் போட வேண்டும், நடுப்பகலில் ஹெட்ஃபோனைத் தொடக்கூடாது.

மந்தம் தணிந்துவிட்டால் எல்லாம் சரி என்பதும் பழைய நம்பிக்கை. 2009-ல் குஜாவா, லிபர்மன் இருவரும் எலிகளை 100 டெசிபெல் சத்தத்தில் 2 மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள். கேட்கும் அளவு பிறகு முழுமையாகத் திரும்பியது. ஆனால் மயிரணுவுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகளில், உயர் அலைவரிசைப் பகுதியில், பாதி வரை நிரந்தரமாகப் போயிருந்தன. மனிதருக்கு இது எந்த அளவில் நடக்கிறது என்பதில் இன்னும் விவாதம் உண்டு. இருந்தாலும், ஆடியோகிராம் சுத்தமாக இருந்தும் கூட்டத்தில் பேச்சு பிடிபடாதவர்களைப் பார்க்கும்போது இந்த ஆய்வு நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

அடைப்பான் வேலை செய்யுமா என்பதில் சந்தேகமே வேண்டாம். 2015-ல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு திறந்தவெளி இசை விழாவுக்கு 51 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து அனுப்பினார்கள். நாலரை மணி நேரம், சராசரி 100 டெசிபெல். அடைப்பான் போட்டவர்களின் காதுகளில் 8 சதவீதத்துக்குத்தான் தற்காலிக இழப்பு, போடாதவர்களுக்கு 42 சதவீதம். இரைச்சல் புதிதாக வந்தவர்கள் 12 சதவீதத்துக்கு எதிராக 40 சதவீதம்.

வேலை செய்யாமல் போவது பெரும்பாலும் போடும் விதத்தால்தான். ஃபோம் அடைப்பானை மெல்லிய குச்சி போல மடிப்பு விழாமல் உருட்ட வேண்டும். எதிர்க் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலேயும் பின்னேயும் இழுக்க வேண்டும், அப்போதுதான் வளைந்த குழாய் நேராகும். உள்ளே தள்ளி, 20 முதல் 30 வினாடி விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். அழுத்தாமல் விட்டால் விரியும்போது தானே வெளியே நழுவும். நேராக முன்னாலிருந்து பார்ப்பவருக்கு அடைப்பானின் பெரும்பகுதி தெரிந்தால் அது உள்ளே போகவில்லை. அரங்குக்குள் போவதற்கு முன்பே, வெளியே அமைதியான இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

எத்தனை டெசிபெல் குறைக்கும் என்று அடைப்பான் பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. 32 என்று போட்டிருந்தால் 7-ஐக் கழித்து இரண்டால் வகுப்பது நடைமுறை, மிச்சம் 12.5. 100 டெசிபெல் கச்சேரி 87.5 ஆகிறது, நான்கு மணி நேரத்துக்குத் தாங்கும். இதுவே போதும். ஆனால் பிடித்த பாட்டுக்காக மட்டும் 15 நிமிடம் கழற்றிவிட்டால் அந்தப் பதினைந்திலேயே முழு நாள் ஒதுக்கீடும் போய்விடும்.

ஏன் கழற்றுகிறார்கள்? இரண்டு காரணம். ஃபோம் உயர் ஒலியை அதிகமாகவும் தாழ்ந்த ஒலியைக் குறைவாகவும் வெட்டுவதால் இசை கம்பளிக்குள் கேட்பது போலிருக்கும். இதற்குத் தீர்வு அடுக்கு வளையம் வைத்த இசை அடைப்பான், 20 டாலர் சுமாருக்குக் கிடைக்கும், எல்லா ஒலியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். இன்னும் சரியாக வேண்டுமென்றால், காதின் அச்சு எடுத்துச் செய்து 9, 15 அல்லது 25 டெசிபெல் ஃபில்டர் பொருத்துவது. ரசிகருக்கு 15 போதும், 25 டிரம்மருக்கு.

இரண்டாவது காரணம் சேர்ந்து பாடுவது. அந்த ஆல்பத்தின் 'ஹங்கர் ஸ்ட்ரைக்' பாட்டு வந்தால் அரங்கமே பாடும், அடைத்த காதில் தன் குரலே குடத்துக்குள் பேசுவது போல முழங்கும். அடைப்பான் மேலோட்டமாக நிற்பதால்தான் இது அதிகமாகிறது. குழாயின் இரண்டாவது வளைவைத் தாண்டி ஆழமாகப் போனால் முழக்கம் குறையும். அச்சு எடுக்கச் சொல்லும்போது இரண்டாம் வளைவு தாண்டி எடுக்கச் சொல்லுங்கள், வாயைத் திறந்த நிலையிலும் அசைத்தும் எடுத்தால் பாடும்போது காற்று கசியாது.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு: சின்னக் காதுக்கு ஃபோம் பொருந்தாது, வாயில் போட்டுக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. தலையில் மாட்டும் காதுமூடியே சரி.

சத்தத்தை அளக்க ஐஃபோனில் நியோஷின் இலவசச் செயலி இருக்கிறது, சராசரியையும் ஒதுக்கீட்டின் சதவீதத்தையும் காட்டும். ஆண்ட்ராய்டு ஃபோன்களின் மைக் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி, அந்த எண்களை நம்பி முடிவெடுக்க வேண்டாம். உறையைக் கழற்றி, மைக்கை விரலால் மூடாமல் பிடியுங்கள்.

கச்சேரி முடிந்து மந்தமும் இரைச்சலும் இரண்டு நாளில் தணியாவிட்டால் பரிசோதனைக்குப் போங்கள். ஒரே ஒரு காது சட்டென்று அடைத்துப்போய், மறுநாள் காலையிலும் அப்படியே இருந்தால் இரண்டு நாள் பொறுக்கக் கூடாது. அழுக்கு அடைத்திருக்கும் என்று சொட்டு மருந்து ஊற்றி ஒரு வாரம் கடத்துபவர்கள் ஏராளம். அது திடீர்ச் செவித்திறன் இழப்பாக இருந்தால் ஸ்டீராய்டு சிகிச்சை முதல் சில நாட்களில் தொடங்கினால்தான் பலன் அதிகம், இரண்டு வாரம் தாண்டினால் வாய்ப்பு வேகமாகச் சரியும். அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்து, "ஒரு காது மட்டும், நேற்று ராத்திரியிலிருந்து" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.