வேலையை நிறுத்தினால் முதல் வாரத்திலேயே செய்ய வேண்டியது

ஆஸ்திரேலியாவில் சட்டம் படிக்கும் ஒரு பிள்ளை பயிற்சிக்காக ஹட்டனில் எங்களிடம் வந்திருந்தாள். வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர் தொழில் வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாயசபைக்குப் போக இங்கே இலங்கையில் ஆறு மாதம் இருக்கிறது, 2003ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்து அதுதான் கணக்கு என்றதும் அவளுக்கு ஆச்சரியம். அவள் நாட்டில் 21 நாள்தான். "இவ்வளவு காலம் இருந்துமா அக்கா பிந்துகிறார்கள்?"

சரி, நீயே எழுது என்று தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் ஓர் அம்மாவின் விபரத்தை எடுக்கச் சொன்னேன். விலாசம் கேட்டால் தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஏது வீட்டு இலக்கம். கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வருமாம், யாராவது கொண்டுவந்து கொடுத்தால் உண்டு. அதாவது யாருக்கு எதிராக வழக்கோ, அவர்கள் கைவழியாகத்தான் நியாயசபை நோட்டீசும் வர வேண்டும்.

அப்புறம், தோட்டத்தை நடத்தும் துரைமார் எல்லோரும் கடிதம் கொடுத்தா நிறுத்துகிறார்கள்? "நாளைக்குப் பிரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு) வராதே", அவ்வளவுதான். யூனியனின் தோட்டத் தலைவர் பேசுகிறார், யூனியன் பார்க்கிறது என்று மாதங்கள் ஓடும், சாட்சிக்கு வரச் சொன்னால் கூட்டாளிக்கு அன்றைய பேர், அதாவது அந்த நாள் சம்பளம், போய்விடுமே என்ற பயம் வேறு (நியாயமான பயம்தான், பஸ் காசையும் சேர்த்துப் பாருங்கள்), கடைசியில் நிர்வாகம் வந்து அவர் தானாகவே வேலையை விட்டுப் போனார் என்று சொல்லும்.

அதனால் அதே வாரத்தில், 'வேலைக்கு வந்தேன், திருப்பி அனுப்பினீர்கள்' என்று திகதி போட்டு, தமிழிலேயே ஒரு கடிதம் எழுதிப் பதிவுத்தபாலில் அனுப்புங்கள். துண்டைத் தொலைக்காதீர்கள், பிறகு அதுதான் பேசும். விண்ணப்பத்தில் டவுனில் நம்பிக்கையான ஒருவரின் விலாசத்தைக் கேட்டுப் போடுங்கள், கடை விலாசமானாலும் பரவாயில்லை. யூனியன் பேசட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை, ஆனால் பேச்சு முடியட்டும் என்று விண்ணப்பத்தைப் பிந்தவிடாதீர்கள்; உங்களுக்காக யூனியனே அதைப் போடவும் சட்டத்தில் இடமுண்டு.

விசாரணை சிங்களத்தில் போனால் வாய்மூடி இருக்கத் தேவையில்லை. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி உரைபெயர்ப்பு கேட்கலாம், தொழில் பிணக்குகளை விசாரிக்கும் சபைக்கும் அது பொருந்தும். லோயருக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போங்கள், போனதும் நிறுத்திய திகதியை முதலில் சொல்லுங்கள்.