எக்ஸ்ட்ரோவேர்ட் எண்டா வாயாடியா? புறமுகர் எண்ட சொல்லப் பத்தி

இப்ப கொழும்புல வேலைக்கு அப்ளை பண்ணுற பெடியங்களின்ட சிவிய எடுத்துப் பாத்தா எங்கயாச்சும் "எக்ஸ்ட்ரோவேர்ட்" எண்டு ஒரு வரி கிடக்கும், இன்டர்வியூல அப்பிடியெண்டா என்ன எண்டு கேட்டா "நல்லாக் கதைப்பன் சேர்" எண்டுதான் பதில் வரும். கதைக்கிறதுக்கும் இதுக்கும் தொடுசல் இருக்குதுதான், ஆனா அர்த்தம் வேற.

சொல்லு லத்தீன் வழியா வந்தது. "எக்ஸ்ட்ரா" எண்டா வெளிய, "வெர்தெரே" எண்டா திருப்புறது. சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங் 1921ல ஜெர்மன்ல எழுதின உளவியல் வகைகள் பத்தின புத்தகத்தாலதான் இது பிரபலமாச்சு. அவர் எழுதினது "எக்ஸ்ட்ராவேர்ட்" எண்டுதான், இதுக்கு எதிர்ச் சொல்லான "இன்ட்ரோவேர்ட்"டில இருக்கிற "இன்ட்ரோ"வோட ஜோடி சேர்ந்து பிறகு "எக்ஸ்ட்ரோ" ஆகிட்டுது, உளவியல் படிச்ச ஆக்கள் இப்பவும் கன பேர் "ரா" போட்டுத்தான் எழுதுவாங்க.

யுங் சொன்னது மனசின்ட சக்தி எந்தப் பக்கம் ஓடுது எண்டதப் பத்தி. வெளிய இருக்கிற ஆக்கள், பொருள், நடப்பு இதுகள் பக்கம் ஓடினா எக்ஸ்ட்ரோவேர்ட், தமிழ்ல புறமுகர், தன்ட உள்மனசுப் பக்கம் ஓடினா இன்ட்ரோவேர்ட், அதாவது அகமுகர். அந்தக் காலத்து உளவியல் பெரியாக்கள் ஃபிராய்டும் அட்லரும் முட்டிக்கொண்டதயே அவர் இத வெச்சுத்தான் விளக்கினார், ஃபிராய்டின்ட கோட்பாடு வெளிப்பக்கம் பாக்குதாம், அட்லரின்டது உள்பக்கமாம். நூறு வீதம் ஒரே வகை எண்டு ஒருத்தரும் இல்ல எண்டதும் அவர் சொன்னதுதான், அத மட்டும் எல்லாரும் வசதியா மறந்திட்டாங்க.

பிறகு லண்டன்ல ஹான்ஸ் ஐசென்க் எண்ட உளவியலாளர் இத மூளைக்குக் கொண்டு போனார். புறமுகரின்ட மூளை சும்மா இருக்கேக்க தூண்டல் குறைவு, அதாலதான் அவங்க சத்தம், சனம், புதுசு எண்டு வெளிய தேடிப் போறாங்க எண்டது அவர்ட கருத்து. அகமுகருக்குத் தூண்டல் ஏற்கனவே கூட, அதால சின்னத் தூண்டலுக்கும் கூடத் துலங்குவாங்களாம். இதோட ஒட்டி ஒரு லெமன் டெஸ்ட் இருக்கு. காதுக்குப் போடுற பஞ்சுக் குச்சி ஒண்டு எடுத்து நடுவுல நூல் கட்டுறது, ஒரு நுனிய நாக்குல கொஞ்ச நேரம் வெச்சிட்டு, பிறகு நாக்குல தேசிக்காய்ப் புளி சில துளி விட்டு மத்த நுனிய வைக்கிறது, நூலப் பிடிச்சுத் தூக்கினா ரெண்டாவது நுனி நல்லாச் சரிஞ்சா எச்சில் கூட ஊறியிருக்கு, அதாவது அகமுகர் பக்கம். வீட்டுல செய்து பாக்கலாம், பகிடிக்கு.

சரி, தமிழுக்கு வருவம். "வெளிமுகி", "புறநோக்கர்" எண்டெல்லாம் எழுதுறாங்க, எனக்கு "புறமுகர்" தான் பிடிச்சது, குணத்துக்கு "புறமுகத்தன்மை". முகம் வெளிய திரும்பியிருக்கு எண்டது லத்தீன்ல இருக்கிற அதே படம். சிங்களத்துல இதுக்குச் சொல்லுறதுல "பஹிர்" எண்டு வாறதும் வெளியதான். "புறம்" எண்டா முதுகுப் பக்கமும்தானே, புறங்கூறுறது, புறமுதுகு காட்டுறது எண்டெல்லாம் இருக்கே எண்டு சில பேர் கேப்பாங்க, இருக்குதான், ஆனா கொழும்புல புறக்கோட்டைக்குப் போற எங்களுக்கு இதுல என்ன குழப்பம், கோட்டைக்கு வெளிய இருந்தது புறக்கோட்டை, பஸ் கொண்டக்டர் சிங்களத்துல "பிட்டகொட்டுவ" எண்டு கத்துறதும் அதுதான்.

இன்னொண்டு, அகம் புறம் எண்டவுடன "தொல்காப்பியர் அப்பவே சொல்லிட்டார்" எண்டு துள்ளத் தேவையில்ல. அது காதலும் போரும் மாதிரிப் பாடுபொருளப் பிரிச்ச கதை, ஆக்களின்ட குணத்தப் பிரிச்சது இல்ல.

பேச்சுல "கலகலப்பான ஆள்" எண்டு சொல்லிட்டுப் போகலாம், ஆனா கட்டுரை, மொழிபெயர்ப்பு எண்டா அது போதாது, ஏனெண்டா கலியாண வீட்டுல கலகலப்பா நிண்டிட்டு வீட்ட வந்து ரெண்டு நாள் ஒருத்தரோடயும் கதைக்காம படுத்துக் கிடக்கிற அகமுகரும் இருக்காங்க.

நடுவுல நிக்கிற "ஆம்பிவேர்ட்"டுக்குத்தான் கரைச்சல். "இருமுகர்" எண்டு போட்டா ரெட்டை முகக்காரன் எண்டு ஏசின மாதிரிப் போயிடும், அதால ரெண்டும் கலந்த ஆள் எண்டே எழுதுங்க.